வித்தியாசம் பூஜ்ஜியம்

ஜூன் 4

கஸ்பார் வந்துவிட்டான். எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கியவனை எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. மாலத்தீவுக்கு வெங்காயமும் கருங்கல்லும் ஏற்றிப் போகும் தோணியில் மூட்டை தூக்கியவன். அந்தத் தோள் இப்போது இல்லை. சட்டைக்குள் பாதி காற்றுதான் இருந்தது.

"என்னக்கா, பேயப் பாத்த மாரி பாக்குத? ஒன் தம்பிதான்."

முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசினான். தூத்துக்குடியில் பரிசோதித்ததில் காசநோய் என்று வந்திருக்கிறது. வழக்கமான மாத்திரைக்கு அடங்காத வகை என்றும் வந்திருக்கிறது. இத்தனை வருடமாக நான் ஆய்வகத்தில் உட்கார்ந்து பார்க்கும் கிருமி, சொந்தத் தம்பியின் நெஞ்சிலேயே போய்க் குடியேறியிருக்கிறது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. டாக்சியில் நான்கு கண்ணாடிகளையும் இறக்கச் சொன்னேன். ஏசி ஓடுது மேடம் என்றார் டிரைவர். ஓடட்டும், இறக்குங்கள் என்றேன்.

பின்னறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஜன்னல். கொசு வலை வாங்கவேண்டும். தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை.

ஜூன் 6

பூங்குழலியிடம் கூட்டிப்போனேன். அரசு ஆஸ்பத்திரியில் நெஞ்சகப் பிரிவு டாக்டர், என் பழைய ஹாஸ்டல் தோழி. இன்றே மாத்திரை ஆரம்பித்துவிட்டாள். புதிதாக வந்த மாத்திரைகள். இந்த வகைக்கு முன்பெல்லாம் வருடக்கணக்கில் ஊசி குத்துவார்கள், காது போய்விடும். இப்போது ஆறு மாதம் விழுங்கினால் போதும்.

"ஒழுங்கா சாப்பிட்டா ஆள் எழுந்து ஓடிடுவார்" என்றாள் கஸ்பாரிடம். அவனை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னாள்: "தெக்லா, தூத்துக்குடி சாம்பிள் எல்லாம் உங்க லேபுக்குத்தானே வருது? இவரோட கிருமியைப் படிச்சதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லு. இந்தப் புது மாத்திரை கேக்குமா கேக்காதான்னு ஜீன்லயே தெரிஞ்சிடும். எங்க பக்கம் அந்த டெஸ்ட் வர ரொம்ப நாளாகும்."

சொல்கிறேன் என்றேன்.

மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்தால் சில வாரங்களில் மற்றவர்களுக்குப் பரவுவது நின்றுவிடும். "அதுவரைக்கும் ஜன்னல், மாஸ்க். உனக்கு நான் சொல்லணுமா?" என்றாள். சொல்லவேண்டாம்தான்.

ஜூன் 9

ஞாயிறு பூசைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்ததில் கஸ்பாருக்குப் பொழுது போகவில்லை. என் வேலை என்னவென்று இத்தனை வருடத்தில் முதல்முறையாகக் கேட்டான்.

கிருமி இரண்டாகப் பிரியும்போது தன் மரபணு எழுத்தைத் தானே நகல் எடுக்கும்; எப்போதாவது ஓர் எழுத்துப் பிசகும்; அந்தப் பிசகு அதன் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் போகும் என்றேன். இரண்டு நோயாளிகளின் கிருமிகளை எடுத்து எத்தனை எழுத்து வித்தியாசம் என்று எண்ணினால், அவை எவ்வளவு தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிடலாம். ஆயிரம் எழுத்து வித்தியாசம் என்றால் பிரிந்து பல நூற்றாண்டு ஆகியிருக்கும். ஐந்துக்குள் என்றால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேராகப் போயிருக்கும். இப்படியே உலகத்துக் கிருமிகளை எல்லாம் ஒரே மரமாக வரையலாம். வேர் ஆப்பிரிக்காவில் இருக்கும் என்பது பெரும்பாலோர் கணிப்பு. தென்னிந்தியக் கிளை மிகப் பழையது. அதன் சொந்தங்கள் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் பிலிப்பைன்ஸிலும் இருக்கின்றன. பருவக்காற்றைப் பிடித்துப் போய்வந்த கப்பல்காரர்களோடு போயிருக்கலாம். இங்கிருந்து அங்கே போனதா, அங்கிருந்து இங்கே வந்ததா என்பதுதான் எங்கள் கேள்வி.

"ஒனக்கு வேற வேலை இல்லையாக்கா? கிருமிக்கு ஞானஸ்நான ரிஜிஸ்டர் எழுதிட்டிருக்க."

"அதுக்குத்தான் சம்பளம் தர்றாங்க."

"அப்போ அதுவும் எங்கள மாரித்தான். காத்து திரும்புத வரைக்கும் கரையில கெடந்திருக்கும்" என்றான். சோழகக் காற்று வீசும் இந்த மாதங்களில் தோணிகள் ஓடாது. செப்டம்பரில் ஓட ஆரம்பிக்கும்போது திரும்பிப் போய்விடவேண்டும் என்பது அவன் கணக்கு.

பிறகு தோணிக் கதை. அவனுக்குச் சொல்லத் தெரிந்த ஒரே கதை அதுதான். சமையல்காரர் தொம்மை அண்ணன் வைக்கும் மாசிக்கருவாட்டுக் குழம்பு, அவரும் இவனும் ஒரே அறையில் சுருண்டு படுப்பது, அலை அடித்தால் அறையின் பலகைக் கதவை இறுக்கிச் சாத்திக்கொள்வது. அவருக்கும் இதே சீக்குதானாம். போன வருடம் ஏதோ புது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சநாள் தின்றுவிட்டு, உடம்பு தேறியதும் பாதியில் போட்டுவிட்டு மாலத்தீவுத் தோணியில் ஏறிவிட்டார். "தோணி முதலாளி எங்க ரெண்டு பேத்தையும் ஒரே ஆட்டோல ஏத்தி ஆசுபத்திரிக்கு அனுப்பிட்டாரு. கியூவுல எனக்குப் பின்னாடி அவரு. சளி டப்பா ரெண்டையும் நான்தான் பிடிச்சிட்டு நின்னேன். எனக்கு முப்பத்தொண்ணு. லாட்டரி சீட்டு மாரி ஒட்டிக் குடுத்தாங்க" என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

நோயாளியின் பெயர் எங்களுக்குத் தெரியக்கூடாது, எண் மட்டும்தான். தம்பியின் எண்ணை நான் தெரிந்துகொண்டது விதிமீறல். காதில் விழுந்துவிட்டது, என்ன செய்ய.

ஜூன் 15

வலை வாங்கினேன். நீலம்தான் இருந்தது. "வலையில மீன் மாரி கெடக்கேன்" என்கிறான்.

ஜூன் 22

மாடிவீட்டு அம்மாள் படியில் நிறுத்தி, பசும்பாலைக் காய்ச்சாமல் குடித்ததால்தானே உன் தம்பிக்கு இப்படி என்றார். பத்திரிகையில் படித்தாராம். மாட்டிடமிருந்துதான் மனிதனுக்கு வந்தது என்று எங்கள் ஆட்களே ரொம்ப காலம் நம்பினார்கள். எழுத்தைப் படித்துப் பார்த்தபோது மாட்டுக் கிருமி நம்முடையதற்குத் தாயில்லை, பின்னால் பிரிந்துபோன கிளையில் வந்தது என்று தெரிந்தது. மாட்டுக்கு நாமே கொடுத்திருக்கவும் கூடும். இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடியபடி கேட்டுவிட்டு மேலே போனார்.

கஸ்பாரிடம் சீல் என்கிற கடல்நாயின் கதை சொன்னேன். கொலம்பஸ் அமெரிக்கா போவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே பெரு நாட்டில் காசநோயால் செத்தவர்களின் எலும்புகள் கிடைத்தன. மனிதன் கொண்டுபோக வழியில்லை. எலும்பிலிருந்து கிருமியின் எழுத்தை எடுத்துப் பார்த்தால், கடல்நாய்களிடம் இருக்கும் கிருமி. ஆப்பிரிக்காவில் தொற்றிக்கொண்ட கடல்நாய்கள் நீந்திப்போய்ச் சேர்த்திருக்கலாம் என்கிறார்கள்.

"மீனத் தின்னுட்டு செவனேன்னு கெடக்க சென்மத்துக்குமா இது வந்துச்சு!" என்றான். இன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தான். "பாவம்க்கா. அதுக்கு யாரு மாத்திரை குடுப்பா?"

ஜூலை 8

தூத்துக்குடித் தொகுதி படித்து முடிந்தது. கணினி வேலை பார்க்கும் நஸ்ரீன் காலையிலேயே என் மேசைக்கு வந்தாள்.

"மேடம், தூ-31, தூ-32. வித்தியாசம் பூஜ்ஜியம்."

"எத்தனை?"

"ஒண்ணுகூட இல்ல மேடம். அச்சு அசல். ரெண்டுலயும் புது மாத்திரைக்கு எதிர்ப்பு காட்டுற அதே பிசகு இருக்கு."

முப்பத்தொன்று கஸ்பாரின் எண். தூ-31 யார் என்று நஸ்ரீனுக்குத் தெரியாது.

ரேக்கைப் போய்ப் பார்த்தேன். 31-ம் 32-ம் பக்கத்துப் பக்கத்து டியூப்கள். ஒரே நாளில் வந்தவை, ஒரே நாளில் ஒரே கையால் திறக்கப்பட்டவை. எனக்கு உயிர் வந்தது. இந்தத் தொழிலில் நுழைந்த முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது: பக்கத்து டியூப்கள் அச்சு அசலாக இருந்தால் சந்தோஷப்படாதே, ஒன்றின் துளி மற்றதில் தெறித்திருக்கும். ஒரு ஊரில் பெரிய தொற்று பரவுகிறது என்று கூப்பாடு போட்டு, கடைசியில் துளி எடுக்கும் பைப்பெட்டில்தான் பரவியது என்று தலைகுனிந்த ஆய்வகங்கள் உண்டு. அந்தப் பட்டியலில் நாங்கள் சேரமாட்டோம். இந்த விஷயத்தில் நான் கறார். சின்னப் பிள்ளைகள் என்னைப் பின்னால் 'கலப்பட இன்ஸ்பெக்டர்' என்று சொல்வதும் தெரியும்.

32 எதிர்ப்புக் கிருமியாக இருக்கும். அதன் துளி 31-இல் விழுந்திருக்கும். 31-இன் சொந்தக் கிருமி அடியில் அமுங்கிவிட்டது. இரண்டையும் நீக்கச் சொன்னேன். 31-க்குப் புதிதாகச் சளி எடுத்து மறுபடி வளர்த்துப் பார்ப்போம்.

"மறுபடி வளர்ந்து வர ஆறேழு வாரம் ஆகுமே மேடம்" என்றாள்.

"ஆகட்டும். அசுத்தமான ரிசல்ட்டை வெச்சு நாக்கு வழிக்கவா?"

சாயங்காலம் வரும் வழியில் அவனுக்கு மாதுளம்பழம் வாங்கினேன்.

ஜூலை 10

பூங்குழலி போன் செய்தாள். ரிசல்ட் வந்ததா என்றாள். கலப்படம் ஆகிவிட்டது, திரும்பச் செய்கிறோம் என்றேன். "ஏதாவது தெரிஞ்சுதா, அரைகுறையா இருந்தாலும் பரவாயில்ல" என்றாள். அரைகுறையைச் சொல்லி உன்னைக் குழப்ப மாட்டேன், சுத்தமாக வரட்டும் என்றேன். டாக்டர்களுக்கு அவசரம் அதிகம்.

ஜூலை 19

நல்ல நாள். கஸ்பார் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். காய்ச்சல் இல்லை. சளியில் கிருமி குறைந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அவனே மீன் வாங்கி வந்து ஊளிக்குழம்பு வைத்தான். உப்பு ஜாஸ்தி. சொல்லவில்லை.

சாயங்காலம் கொட்டோ கொட்டென்று மழை. சாரல் கட்டில்வரை அடித்ததால் ஜன்னல்களைச் சாத்தினேன். முன்னறையில் உட்கார்ந்து இருவரும் டிவியில் பழைய படம் பார்த்தோம். மாஸ்க் போட்டுக்கொண்டு வெற்றிலை போடமுடியாது என்றான். கழற்றிக்கொள் என்றேன். மாத்திரை ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிவிட்டதே. இனிப் பயமில்லை.

படத்தில் கப்பல் ஒன்று வந்தது. அது செட்டு, தண்ணி தொட்டியில் மிதக்குது என்று அவன் ஒவ்வொரு குறையாகச் சொல்லிக்கொண்டே வந்தான். எனக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 2

அம்மா போன் செய்தாள். தோணிச் சமையல்காரர் தொம்மை இறந்துவிட்டாராம். "கடேசில அந்த மாத்திரை ஒண்ணும் கேக்கலையாம்ட்டி. தம்பிட்ட இப்பச் சொல்லாத" என்றாள். சொல்லவில்லை.

கேஸ் தீர்ந்துவிட்டது. புது சிலிண்டர் புதன்கிழமைதானாம்.

ஆகஸ்ட் 13

காய்ச்சல் திரும்பிவிட்டது. எடையும் இறங்குகிறது. சளியில் மறுபடி கிருமி. பூங்குழலி எக்ஸ்ரேவை விளக்கில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். "சில பேருக்கு லேட்டாத்தான் கேக்கும்" என்றாள் பிறகு. யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

எனக்கும் தொண்டை கரகரப்பு. லேபில் புது பாட்டில் ரீஏஜெண்ட் நெடி அப்படி.

ஆகஸ்ட் 25

புது சாம்பிளின் ரிசல்ட் வந்தது.

புதிய டப்பா, வேறு நாள், வேறு ரேக், நானே என் கையால் திறந்தது. பக்கத்தில் ஒரு டியூப் இல்லை. அதே எழுத்து. பழைய 31-க்கும் இதற்கும் வித்தியாசம் பூஜ்ஜியம். 32-க்கும் இதற்கும் வித்தியாசம் பூஜ்ஜியம். புது மாத்திரைக்கு எதிர்ப்பு காட்டும் அந்தப் பிசகும் அதே இடத்தில்.

ஜூலையிலேயே சரியாகத்தான் வந்திருக்கிறது. எந்தத் துளியும் எங்கும் தெறிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கஸ்பாரிடம் கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. ஜூன் மாதத்திலேயே அவன் சொன்னதை இதே டைரியில் நானே எழுதி வைத்திருக்கிறேன்.

"அன்னைக்கு கியூவுல ஒனக்குப் பின்னாடி நின்னது யாரு?"

"தொம்மண்ணன். சொன்னேன்லா?"

சொன்னான். ஒரே அறையில் படுத்தவர்கள், ஒரே ஆட்டோவில் போனவர்கள், அடுத்தடுத்து நின்றவர்கள். அதனால்தான் அடுத்தடுத்த எண். நான் ரேக்கைப் பார்த்தேன், கியூவைப் பார்க்கவில்லை. கிருமி டியூபிலிருந்து டியூபுக்குப் போகும் என்பதிலேயே குறியாக இருந்து, ஆளிடமிருந்து ஆளுக்குப் போகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து பெரு நாடு வரை அது போன வழி தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை.

ஆகஸ்ட் 26

பூங்குழலியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"ஜூலையில சொல்லியிருந்தா அன்னைக்கே மருந்தை மாத்தியிருப்பேன் தெக்லா. அப்போ ஒரு நுரையீரல் நல்லா இருந்தது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

கஸ்பாரிடமும் சொன்னேன். ஒளித்து வைக்க எனக்குத் தைரியம் இல்லை. அவன் கட்டிலில் சாய்ந்து, வலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டான். தொம்மை போய்விட்டதையும் சொல்லவேண்டியதாயிற்று. அதற்குத்தான் முதலில் அழுதான்.

"அவரு பொண்டாட்டிட்ட சொல்லிராதக்கா. அவராலதான் எனக்கு வந்துச்சின்னு தெரிஞ்சா அது நொறுங்கிப் போயிரும்."

"நான் செஞ்சதுக்கு ஒண்ணும் கேக்கமாட்டியால?"

அவன் தூக்கிப் பிடித்திருந்த வலையைக் கீழே விட்டான்.

"அந்த ஆறேழு வாரம் நல்லாத்தான்க்கா இருந்துச்சு. சரியாயிரும்னு நெனச்சிட்டிருந்தேன்லா."

அடுப்படிக்குப் போய் நின்றேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துபோயிருந்தது.

செப்டம்பர் 14

பழைய முறைக்கே வந்துவிட்டோம். தினமும் ஊசி, கைநிறைய மாத்திரை. அதில் ஒன்று தோலைக் கறுப்பாக்கும். "பத்து வருசம் வெயில்ல நின்னேன், இந்தக் கறுப்பு வரல" என்கிறான். காதில் எந்நேரமும் இரைச்சலாம். முதலில் கடல் சத்தம் மாதிரி இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்றான். இப்போது நான் கூப்பிட்டால் திரும்புவதில்லை.

தோணிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. முதலாளி வேறு ஆள் போட்டுவிட்டார். அம்மா சொன்னாள்.

இருமல் சிரப் பாட்டில் காலி. கஸ்பார் இனிப்பு மருந்தைத் தொடமாட்டான். அப்படியானால் நான்தான் குடித்திருக்கிறேன்.

அக்டோபர் 5

மரம் முடிந்தது. நஸ்ரீன் பெரிய தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். ஆய்வகத்தில் எல்லாருக்கும் லட்டு.

இத்தனை வருட உழைப்புக்கு இது சொல்வது என்னவென்றால், எதுவும் உறுதியாகத் தெரியாது. தென்னிந்தியாவிலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குப் போன கிளைகளும் இருக்கின்றன, அங்கிருந்து வந்தவையும் இருக்கின்றன. பெரிய துறைமுகங்கள் எல்லாவற்றிலும் கிருமி இறங்கி ஏறியிருக்கிறது. யார் முதலில் யாருக்குக் கொடுத்தார் என்று சொல்லமுடியவில்லை. வயதும் அப்படியே. மனிதன் ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியபோதே கூட வந்தது, எழுபதாயிரம் வருடம் என்கிறார்கள் சிலர். அதெல்லாம் இல்லை, ஆறாயிரம்கூட இருக்காது என்கிறார்கள் வேறு சிலர். எங்கள் மரத்தைக் காட்டி இரண்டு கட்சிக்கும் பேசலாம். கட்டுரையில் இதைக் கௌரவமாக எழுதுவோம்.

மருந்து கண்டுபிடித்து நூறு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் மரத்தின் நுனி முழுக்க எதிர்ப்புப் பிசகுகள். ஒவ்வொரு மருந்தும் வந்த சில வருடத்தில் கிருமி அதற்கொரு பதில் எழுதியிருக்கிறது. நாம் அவசரப்படுகிறோம், அதற்கு அவசரமே இல்லை. எனக்கு முதல்முறையாக, இதில் நாம் ஜெயிக்கப்போவதில்லை என்று தோன்றியது. லட்டை நஸ்ரீனிடம் கொடுத்துவிட்டேன்.

மேலே ஆயிரக்கணக்கான வருடம் கேள்விக்குறியாக இருக்கிறது. கீழே, வலது ஓரத்தில், ஒரே காம்பில் 31, 32 என்று இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த மரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லாத இடம் அது ஒன்றுதான்.

அக்டோபர் 19

விரலிலிருந்து மோதிரம் நழுவிச் சிங்க்கில் விழுந்தது. நூல் சுற்றிப் போட்டுக்கொண்டேன். வீட்டுவேலை, அலைச்சல். நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை.

நவம்பர் 1

இன்று இருமலில் ரத்தமாக வந்தது. ஒரு பக்கெட். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. அவனுக்குக் காது போய்விட்டது, பேச மூச்சும் இல்லை; பேச்சு முழுக்க எழுதிக் காட்டித்தான். 'வாடை வந்துட்டா?' என்று எழுதிக் கேட்டான். வாடைக்காற்று திரும்பினால் கடல் தெளியும். வந்துவிட்டது என்று எழுதினேன்.

நவம்பர் 5

கஸ்பார் போய்விட்டான்.

நவம்பர் 9

தூத்துக்குடி. கல்லறைத் திருநாளுக்குப் போட்ட மாலைகள் எல்லாக் கல்லறைகளிலும் வாடிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் புதிதாகக் கஸ்பாரின் கல்லறை. தொம்மையின் மனைவி வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் ஒண்ணாவே போயிட்டாங்களே மதினி" என்றாள். ஆமாம் என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அவன் சொல்லவேண்டாம் என்று சொல்லியிருந்தான்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி இப்பிடி எலும்பும் தோலுமா நிக்க?"

துக்கத்தில் யார்தான் சாப்பிடுவார்கள் என்றேன். அம்மாவுக்குப் பக்கத்தில் படுக்கவில்லை. புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லி மொட்டைமாடியில் பாய் போட்டேன். வாடைக்காற்றுக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

நவம்பர் 28

பின்னறையைச் சுத்தம் செய்தேன். வலையைத் துவைத்து மடித்து வைத்தேன். யாருக்கென்று தெரியவில்லை.

ஒரு வேலையாகப் பூங்குழலியைப் பார்க்கப் போனேன். நான் இருமுவதைக் கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டாள். எத்தனை நாளாய் என்றாள். ஜூலையில் மழை பெய்த ஒருநாள் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படம் பார்த்தோம் என்று சொன்னேன். அவள் கேட்டதற்கு அது பதிலில்லை. அவள் சளி டப்பாவை எடுத்துக் கையில் கொடுத்தாள். பெயர் போடாமல் எண் ஒட்டி அனுப்பு என்றேன். எல்லாரையும்போல எனக்கும் எண் போதும்.

டிசம்பர் 3

ஆய்வகத்தில் மாஸ்க் போட்டுக்கொள்கிறேன். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். கட்டுரையை அனுப்பிவிட்டோம். கஸ்பாரின் புள்ளிக்குக் கீழே 'ஆண், மீன்பிடி அல்லாத கடல்தொழில்' என்று இருக்கிறது. விதிப்படி அதற்குமேல் எழுத முடியாது.

ஜனவரி 17

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. நஸ்ரீன் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு பழக்கம், குழப்பமான விஷயம் என்றால் குரலைத் தாழ்த்துவாள்.

"மேடம், ஆஸ்பத்திரியிலேர்ந்து புதுசா ஒண்ணு வந்துச்சு. சென்னை சாம்பிள். ஆனா அந்தத் தூத்துக்குடி ரெண்டு இருக்கில்ல, அதோட அப்படியே போய் ஒட்டிக்குது. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த ரெண்டும் ஃப்ரீஸரை விட்டு வெளியவே எடுக்கலையே. இது எப்படி மேடம் கலந்துச்சு? நீக்கிடட்டுமா?"

ஓர் எழுத்து. ஜூலையிலிருந்து நவம்பர் வரைக்கும் என் நெஞ்சுக்குள் அந்தக் கிருமி எழுதிக்கொண்டது அவ்வளவுதான்.

"கலக்கலம்மா. வேண்டாம். அங்கேயே இருக்கட்டும்."

"அப்போ யாராவது அந்த ரெண்டு பேர்கூட இருந்தவங்களா மேடம்? சென்னையில யாரு..."

அதற்குள் இருமல் வந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். நிற்க வெகுநேரம் ஆயிற்று. திரும்பியபோது நஸ்ரீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு சுவரில் இருந்த மரத்தைப் பார்த்தாள், பிறகு மறுபடி என்னை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தி, எழுந்துபோய், அறையின் எல்லா ஜன்னல்களையும் திறந்தாள்.

நான் சொல்லிக்கொடுத்ததுதான். சரியாகச் செய்தாள்.